தாலிக்கொடியில் இரண்டு பின்

கௌசி மாதிரிக் கவனமான பிள்ளையை எங்கள் சர்வே கம்பனியில் நான் கண்டதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் பழைய குழிகளையும் சுவர்களையும் தோண்டாமலே காந்த மெசினால் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. மெசினைத் தூக்கி நடப்பவரிடம் இரும்பு ஒரு துளியும் இருக்கக்கூடாது. கௌசி பெல்ட்டைக் கழற்றுவாள், போனைக் காருக்குள் வைப்பாள், ஜிப் இல்லாத காற்சட்டைதான் போடுவாள்.

மோர்டன் என்ற ஊரில் வீடுகள் கட்டப்போகிற ஒரு வெளியில் கயிறு கட்டி, கோடு கோடாகத் தனியே நடந்து அளந்தாள். மறுநாள் நான் கணினியில் படம் போட்டபோது நடுவில் பெரிய வட்டம் ஒன்று தெரிந்தது. ஆதிமனிதர் வெட்டிய அகழியாக இருக்கலாம். உறுதியானால் கட்டட வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை ஆராய்வார்கள். தன் முதல் கண்டுபிடிப்பு என்று கௌசிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் படமெங்கும் கலங்கல். எனக்குக் கோபம் வந்தது.

“என்னத்தையடி கொண்டு நடந்தனி?”

அவள் முகம் செத்துப்போயிற்று. “தாலிக்கொடியிலை சேப்டி பின் ரெண்டு கிடந்தது அக்கா. கோயிலுக்குச் சீலை உடுத்த அண்டு கொழுவினது. இடையிலைதான் கண்டு கழட்டினனான்.”

பொன்னால் மெசினுக்குத் தொல்லையில்லை, இரும்புப் பின்னால் உண்டு. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்திருக்கிறாள்!

“எத்தினையாம் கோட்டிலை கழட்டினனி?”

“ஞாபகமில்லை.”

“கொப்பியிலை எழுதேல்லையோ?”

“மனேஜர் இசபெல் வாசிக்கிற கொப்பியெல்லோ. தாலி, பின் எண்டு அதிலை எப்பிடி அக்கா எழுதுறது? வெக்கமாக் கிடந்தது.”

எழுதியிருந்தால் கெட்ட கோடுகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை நம்பலாம். இப்போது முழுவதும் சந்தேகம். திரும்ப அளக்கவும் வழியில்லை; அன்று காலையே வெளியைச் சுற்றி இரும்பு வேலி போட்டு, மண்வெட்டும் இயந்திரங்களையும் இறக்கிவிட்டார்கள்.

எங்கள் மேலாளர் இசபெல், அளவுகளை நம்ப முடியாது என்று அறிக்கை எழுதினாள். கௌசி அழுதுகொண்டே காரணத்தைச் சொன்னாள். இசபெல் ஏசவில்லை. ஏசியிருந்தால் கௌசிக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். தன் பழைய கொப்பி ஒன்றை விரித்துக் காட்டினாள். ‘ஏழாம் கோடு. உள்ளாடையில் கம்பி இருப்பது இப்போதுதான் நினைவு வந்தது. கழற்றிவிட்டேன்’ என்று எழுதியிருந்தது.

சில கிழமைகள் கழித்து நாங்கள் இருவரும் அந்த வெளிப் பக்கமாகப் போனோம். அத்திவாரத்துக்குக் கொங்கிறீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு இப்பால் நின்றே கண்டோம்: மஞ்சள் களிமண்ணின் நடுவே பழைய குழியை மூடிய கறுத்த மண் ஒரு பட்டையாக, அழகாக வளைந்து போய்க் கொங்கிறீட்டுக்குள் மறைந்தது.

“அக்கா, அந்த வட்டம் உண்மையா இருந்திருக்கு,” என்றாள் கௌசி.