பின்னால் ஒருவர் நிற்க வேண்டும்

1

புதுப்பட்டினம் தாண்டி எனக்கு முன்னால் போன ஒரு பழைய காரிலிருந்துதான் இந்தக் கதை கிடைத்தது. அது பிரேக் பிடித்தபோது சிவப்பு விளக்கு எரியவில்லை. வலது இண்டிகேட்டர் மங்கலாக மினுங்கியது. சொல்லலாமென்று ஹாரன் அடித்தேன். முந்த வழி கேட்கிறேன் என்று நினைத்த டிரைவர் கையை நீட்டிப் போகச் சொன்னார். போய்விட்டேன்.

மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் வரி இப்படி இருந்தது: கடல் அன்று அமைதியாக

வேண்டாம். இந்தக் கதையில் கடல் செய்தது ஒன்றுதான். அதன் உப்புக்காற்று தாமோதரன் காரின் பின்விளக்குக் கனெக்டருக்குள் புகுந்து, எர்த் கம்பியில் பச்சையாகப் பூத்தது.

(எர்த் என்பது மின்சாரம் திரும்பிப் போகிற வழி. திரும்பினால்தான் பல்பு எரியும். அந்த வழி அடைபட்டால் மின்சாரம் பக்கத்து இண்டிகேட்டர் பல்புக்குள் புகுந்து வெளியேறப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரியும். விட்டு விட்டு மிதித்தால் விட்டு விட்டு எரியும். எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. இந்தக் கதையை எழுதும்வரை.)

3

கடப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். தாமோதரன் காரில் முன்னால் போனான். சிநேகிதன் தேவேந்திரன் பைக்கில் பின்னால்; அவனுக்குப் பின்னால் மனைவி வச்சலா. சாலையோரம் மாடுகள். தாமோதரன் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தான். (இடது பிரேக் பல்பும், இண்டிகேட்டர் எரிவதை ஓட்டுபவருக்கு அம்புக்குறியாகக் காட்டும் உள்விளக்கும் எப்போதோ போயிருந்தன.)

நம் சாலைகளில் முன்வண்டி வலது இண்டிகேட்டர் போட்டால், முந்திப் போ என்று அர்த்தம்.

"மச்சான் போவச் சொல்றான்" என்றான் தேவேந்திரன். எதிரே பஸ்.

பஸ்ஸைக் கொஞ்சம் தாமதிக்கப் பார்த்தேன். தாமதித்தால் கதை இல்லை. ஒரு கதைக்காக ஒரு ஆளை

வச்சலா மட்டும் பிழைத்தாள்.

4

சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் அவள் சொன்னாள்: "நீ ரைட்டு போட்ட. நான் கண்ணால பாத்தேன்."

போடவில்லை என்று தாமோதரன் சத்தியம் செய்தான். பொய்யன் என்று வெளியே அனுப்பினார்கள். இருவரும் சொன்னது உண்மை.

(வச்சலாவை அழுகிறவளாக எழுதி அடித்துவிட்டேன். அவள் மறுபடி சந்தையில் மீன் விற்க உட்கார்ந்துவிட்டாள். தாமோதரன் வந்தால் மட்டும் கூடையை மூடிவிடுகிறாள்.)

5

பிரேக் விளக்கு எரியவில்லை என்று பிறகு யாரோ தாமோதரனிடம் சொன்னார்கள். அந்த யாரோ நான் இல்லை. வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் சௌகத் அலி பின்விளக்கைத் திறந்தார். மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தார். விட்டு விட்டு மிதிக்கச் சொன்னார்.

"நைனா, நீ ரைட்டு போடல. வண்டியே போட்டுகீது."

பச்சையைச் சுரண்டிப் புது கனெக்டர் மாட்டினால் வேலை முடிந்தது. தாமோதரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாணாம் அண்ணாத்த. வச்சலா பாக்கணும்."

"கெட்டத கெட்டபடியே எடுத்துகினு போறவன இப்பத்தான் பாக்கறேன்" என்றார் சௌகத் அலி. ஆனாலும் விளக்கை இருந்தபடியே மூடிக் கொடுத்தார்.

6

ஒரு முடிவு: வச்சலா பார்த்தாள், மன்னித்தாள். அடித்துவிட்டேன். எதை மன்னிப்பாள், ஒரு சிட்டிகைப் பச்சைப் பொடியையா?

இன்னொன்று: வழியில் குலுங்கியதில் எர்த் தானாகச் சேர்ந்துகொண்டது. அவள் வாசலில் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்தது. இந்தக் கோளாறு அப்படியும் செய்யும். எழுதக் கை வரவில்லை.

இப்போது கார் அவள் வீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. தாமோதரனின் கால் பிரேக்கில். வச்சலா கதவைத் திறந்து

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பிரேக்கை மிதிக்கிறவரால் அந்த விளக்கைப் பார்க்க முடியாது. பின்னால் ஒருவர் நின்று சொல்ல வேண்டும்.

"இன்னா எரியுது?" என்று கேட்கிறான், திரும்பாமல்.

நான் முன்பே தாண்டிப் போய்விட்டவன். பின்னால் நிற்பது நீங்கள்.