ருலாவின் அம்மா முன்னே போனாள்

உம் இஷ்ரின் மலைக்குள் எத்தனை தடவை ஆட்களைக் கூட்டிப் போய் வந்திருப்பான் என்று வழிகாட்டி தைஃபல்லாவுக்கே கணக்குத் தெரியாது. மேற்கே நுழைந்து, இரண்டு மணற்பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஏறி இறங்கி, கிழக்கே செம்மணலில் கால் வைக்க நாலரை மணி நேரம் ஆகும். அங்கே அவன் மச்சான் மிஃப்லிஹ் ஜீப்போடு காத்திருப்பான்.

அன்று அவனோடு வந்தவர்கள் ஜோர்தான் தலைநகர் அம்மானிலிருந்து வந்த மாமியாரும் மருமகனும். நாஹிதாவுக்கு ஐம்பத்தைந்து வயது, சொந்தமாக மருந்துக் கடை வைத்திருந்தாள். மருமகன் பாஸில் வங்கி வேலையை உதறிவிட்டுச் செடிப்பண்ணை போட்டவன். அதை நாஹிதா இன்னும் மன்னிக்கவில்லை. இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது அவள் மகள் ருலாதான். ஐந்து மாதக் கர்ப்பிணியாதலால் அவள் கூடாரத்திலேயே தங்கிவிட்டாள். "ரெண்டு பேரும் முகம் பாத்துப் பேசி எட்டு மாசமாச்சு அண்ணே. உள்ள போனா வேற யார்கிட்ட பேசுவாங்க?" என்று முந்தின நாளே தைஃபல்லாவிடம் சொல்லியிருந்தாள்.

அவள் நினைத்தது நடக்கவில்லை. இருவரும் தைஃபல்லாவிடம் மட்டுமே பேசினார்கள்.

"மாப்ள, இந்த ஷூ கல்யாணத்துக்கு வாங்குனதா?" என்று தைஃபல்லா கேட்டான். "பாறை என்ன பளிங்குத் தரையா? வழுக்கும், பாத்து வாங்க."

பாஸில் சிரித்தான். நாஹிதா சிரிக்கவில்லை.

இரண்டாவது மணி நேரத்தில் அது நடந்தது. ஆள் உயரத் திட்டு ஒன்றிலிருந்து தைஃபல்லா எப்போதும்போலக் குதித்தான். கீழே கிடந்த கல் உருண்டது. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். எழுந்து நிற்கப் பார்த்தான், இடது கால் தாங்கவில்லை.

நாஹிதா இறங்கி வந்து, கேட்காமலே அவன் செருப்பைக் கழற்றினாள். விரலால் கணுக்காலைச் சுற்றி அழுத்தினாள். அவன் பல்லைக் கடித்தான்.

"உடைஞ்சிருக்கு. ஊன்றக் கூடாது" என்று சொல்லி, அவன் தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். பையிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பிப் போக வழியில்லை. வந்த பாதையில் கயிறு பிடித்து ஏறிய சரிவுகள் மூன்று இருந்தன, ஒற்றைக் காலோடு அவற்றில் இறங்க முடியாது. கைபேசியில் சிக்னல் கிடையாது. குளிர்காலம், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

"நான் ஓடிப்போய் ஆள் கூட்டிட்டு வரேன்" என்றான் பாஸில்.

"வழி தெரியுமா உனக்கு?" நாஹிதா கேட்டாள். எட்டு மாதத்தில் அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தெரியாது அத்தை."

"அப்புறம் எங்க ஓடுவ? நீயும் தொலைஞ்சிட்டா, தேட வர்றவங்க எங்களத் தேடுறதா, உன்னைத் தேடுறதா?"

பாஸில் குனிந்து தைஃபல்லாவை முதுகில் தூக்கிக்கொண்டான். "எங்க பண்ணையில உரமூட்டை உங்களவிட கனம் அண்ணே" என்றான். தைஃபல்லாவுக்கு முகம் எரிந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைக் கைபிடித்துக் கூட்டி வந்திருக்கிறான். சுமையாக இந்த இடுக்கில் வந்தது இதுதான் முதல் தடவை.

இனி வழி பார்ப்பது நாஹிதாவின் வேலையானது. அவன் பின்னாலிருந்து சொல்ல, அவள் முன்னே நடந்தாள். சொல்லத் தொடங்கியபோதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரிந்தது.

"ஒட்டகக் கழுத்து மாதிரி ஒரு பாறை வரும், அங்க திரும்பணும்."

"இங்க எல்லாப் பாறையும் அப்படித்தான் இருக்கு. எத்தனை அடி? எந்தப் பக்கம்? கீழ மணலா, கல்லா? கடைக்கு வர்றவங்ககிட்ட வெள்ளை மாத்திரை சாப்பிடுங்கன்னா நான் அனுப்புறேன்?"

வழி மூன்றாகப் பிரிகிற இடம் வந்ததும் அவனுக்குத் தடுமாறிவிட்டது. நடுவில் இருக்கிற வழி என்றான். பாஸில் அவனை இறக்கிவிட்டுப் போய்ப் பார்த்துத் திரும்பினான். "இருபதடியில செங்குத்தா சுவரு."

தைஃபல்லா கலங்கிப்போனான். அவன் ஒரு நாளும் இங்கே நின்று யோசித்ததில்லை, கால் தானாகத் திரும்பிவிடும். "எனக்குச் சொல்லத் தெரியலை, ருலா அம்மா" என்றான் மெல்ல. அதைச் சொல்வது கால் வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

"கண்ண மூடுங்க. நடந்து வர்றீங்க. கை எங்க இருக்கு?"

மூடினான். வலது கை தானாக மேலெழுந்து காற்றில் எதையோ பற்றியது. "வலது கை... பாறையப் புடிக்கும். தோள் உயரத்துல ஒரு விளிம்பு. வழவழன்னு இருக்கும்."

நாஹிதா மூன்று வழிகளின் வாயிலுக்கும் போய்த் தடவிப் பார்த்தாள். இரண்டு சொரசொரப்பாக இருந்தன. வலது ஓரத்தில் இருந்த குறுகலில் மட்டும் விளிம்பு தேய்ந்து பளபளத்தது.

"இங்க வாங்க!" என்று கத்தினாள். அவள் குரல் சுவர்களில் முட்டி மோதி நாலைந்து தடவை திரும்பி வந்தது.

கடைசியில் இருந்தது கிணறு மாதிரி ஒரு பிளவு. முதுகை ஒரு சுவரிலும் பாதங்களை எதிர்ச் சுவரிலும் முட்டுக்கொடுத்து இறங்க வேண்டும். தைஃபல்லாவை இறக்கக் கயிறு பிடிக்கப் பாஸில் மேலே இருந்தாக வேண்டும். அப்படியானால் அவனைக் கீழே வாங்கிக்கொள்ள நாஹிதா முதலில் போக வேண்டும். அடி தெரியாத இருட்டு.

தைஃபல்லா முடிச்சுப் போட்டு அவள் இடுப்பில் கட்டினான். கயிற்றின் மறுமுனையைப் பாஸில் தன் முதுகைச் சுற்றிப் பிடித்து, பாறையில் காலை ஊன்றினான். நாஹிதா விளிம்பில் உட்கார்ந்து அவனையே பார்த்தாள்.

"விட்டுறாதே."

"விடமாட்டேன் அத்தை."

"ரெண்டு வருஷமா நான் பேசுன பேச்செல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டு விட்டுறாதே."

"அதெல்லாம் வெளிய போனதும் பாத்துக்கலாம். இப்ப காலை அந்தப் பக்கம் வைங்க."

அவள் கீழே போய்ச் சேர நேரம் பிடித்தது. நடுவில் ஒரு தடவை வழுக்கியது, கயிறு விறைத்தது, பாஸிலின் உள்ளங்கையில் தோல் உரிந்தது. அவன் விடவில்லை. பிறகு கீழேயிருந்து, "மணல்! கால்ல மணல்!" என்று குரல் வந்தது. அதே மாதிரி தைஃபல்லாவையும் இறக்கினார்கள். கடைசியாகப் பாஸில், பாறையைச் சுற்றிக் கயிற்றை இரட்டையாகப் போட்டு இறங்கி, அதை உருவிக்கொண்டான்.

வெளியே வந்தபோது வெயில் போய், மணல் இன்னும் சிவந்திருந்தது. ஜீப் ஓரத்தில் குந்தி மிஃப்லிஹ் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். முதுகில் வந்த மச்சானைப் பார்த்ததும் எழுந்தான்.

"என்ன மச்சான், இப்பல்லாம் வந்தவங்க மேலயே சவாரியா?"

"வாய மூடிக்கிட்டு வண்டிய எடு" என்றான் தைஃபல்லா.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்" என்றாள் நாஹிதா. யாரும் மறுக்கவில்லை. சர்க்கரை மிஞ்சிய அந்தத் தேநீரை மணலில் உட்கார்ந்து குடித்தார்கள். நாஹிதா பாஸிலின் கையை இழுத்து மடியில் வைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, களிம்பு தடவினாள். அவன் நெளிந்தான். "ஆட்டாதே" என்று அதட்டினாள்.

ஜீப் புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் சிக்னல் வந்து கைபேசி அடித்தது. ருலாதான்.

"நல்லாத்தான் இருக்கோம்" என்றாள் நாஹிதா. "தைஃபல்லாவுக்குத்தான் கால்ல அடி, அகபா ஆஸ்பத்திரிக்கு நேரா போறோம். நீ சாப்பிட்டுப் படு." மறுமுனையில் ருலா என்னவோ கேட்டாள். நாஹிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேசுனோம், பேசுனோம். உன் புருஷன் பக்கத்துலதான் இருக்கான், இந்தா."