உறைக்கு ஒரு கரண்டி

எங்கள் குடியிருப்பில் இறந்தவர்களின் குரலைத் தயிர் போலத்தான் வைத்துக்கொள்கிறோம். வெதுவெதுப்பான தண்ணீரில் முந்தின நாள் குரலில் ஒரு கரண்டி கலந்து மூடி வைத்தால், விடிவதற்குள் கிண்ணம் நிறைந்துவிடும். மூடியைத் திறந்தால் பேசும். பகலெல்லாம் கேட்கலாம்; கேட்கக் கேட்கக் குறையும். மாலையில் மறக்காமல் உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

தனியாக இருப்பவர்களுக்கு இதில் ஒரு கரண்டி கொடுத்து உதவ வேண்டும் என்பது சங்கத்தின் ஏற்பாடு. செயலாளர் பெலிக்ஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்: 'பேச்சுத் துணை இல்லாத வீடு நம் பிளாக்கில் இருக்கக் கூடாது.' நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் ஊரே திருந்திவிடும் என்று நம்புகிற ஆள்.

என் மனைவி மங்கையர்க்கரசி இறந்தபோது அவள் குரலுக்கு ஏகக் கிராக்கி. இருக்கும்போதே அப்படித்தான். கறிவேப்பிலை கேட்டு வந்தவளை உட்காரவைத்து, மாமியார் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாள். "கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லாதீங்க" என்று என்னைத் திட்டிக்கொண்டே இருப்பாள். அதனால் கிண்ணத்தோடு வந்த எல்லோருக்கும் கொடுத்தேன். ஒன்பது வீடு. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தப்பு என்மேல்தான். வருஷத் திதிக்கு வந்த சொந்தக்காரர்கள் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். வீடு வெறிச்சென்று ஆனது. மூடியைத் திறந்தேன். "என்னங்க, கொஞ்சமாவது சாப்பிட்டீங்களா?" என்றாள். பதில் சொன்னேன். மறுபடி கேட்டாள். அப்படியே கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் கிண்ணத்தை விரலால் வழித்துக் கேட்டேன். உறைக்கு எடுத்து வைக்கவில்லை. மறுநாள் அது வெறும் கிண்ணமாக இருந்தது. வடிகட்டின முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அழுதேன். பிறகு கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, கொடுத்த வீடுகளுக்கே கேட்கப் போனேன்.

உறை, தான் போய்ச் சேர்ந்த வீட்டின் ருசியை வாங்கிக்கொள்ளும். டியூஷன் எடுக்கும் ஹசீனா வீட்டில் மங்கை பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். பெலிக்ஸும் தனி ஆள்தான், அவர் வீட்டில், "அண்ணே, தண்ணி லாரி வந்துச்சா?" என்று விசாரித்தாள். இப்படி எட்டு வீட்டிலும் அண்ணே, தம்பி, அக்கா. எனக்கு வேண்டியது ஒரே ஒரு 'என்னங்க'.

"உங்க வீட்டுக்கு வந்தா எல்லாம் சரியாயிடும் சார்" என்றார் பெலிக்ஸ். ஆகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒன்பதாவது வீடு மூன்றாம் மாடியில் குலசேகரனுடையது. ஐம்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். யாரோடும் பேசமாட்டார். படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே ஏறிப்போவார். தட்டுவதற்குக் கையைத் தூக்கியபோது உள்ளேயிருந்து கேட்டது.

"என்னங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க."

அதே இழுவை, அதே சின்ன அலுப்பு.

குலசேகரன் கதவைத் திறந்தார். இஸ்திரி போட்ட சட்டை. என் முகத்தைப் பார்த்துப் பேசினார். ஒரு வருஷத்தில் ஆள் தேறியிருந்தார். உறைக்கு ஒரு கரண்டி வேண்டும் என்றேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு, "உங்களுக்கு இல்லாததாங்க" என்று ததும்பத் ததும்ப ஒரு கரண்டி ஊற்றினார்.

அன்று மாலை விரல் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தண்ணீரைப் பதமாகச் சுடவைத்தேன். கலந்து மூடினேன். காலையில் குளித்து, அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தேன்.

"அண்ணே," என்றாள். "நான் எப்படி இங்க வந்தேன்?"

"மங்கை, நான்தான்" என்றேன்.

"தெரியுதுண்ணே, கீழ் வீட்டு அண்ணன்தானே. உங்க வீட்டுல அவங்க இல்லையா?"

"வெளியே போயிருக்கா."

"பாவம், தனியா இருக்கீங்க. அண்ணே, ஒரு உதவி. அவர் இன்னும் காபி குடிச்சிருக்க மாட்டார். என்னை வீட்டுல கொண்டுபோய் விட்டுடறீங்களா?"

மூடியைப் போட்டு அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். அண்ணன் என்று கூப்பிட்டாலும் அவள் குரல்தானே. ஆனால் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளும்பாமல் மூன்று மாடி ஏறினேன்.

"பார்த்துண்ணே, அந்தப் படி உடைஞ்சிருக்கு" என்றாள் வழியில்.

குலசேகரன் அவளைத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டார். "வந்துட்டேங்க" என்று அவள் சொன்னது வாசலில் நின்ற எனக்கும் கேட்டது. என் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தவர் சற்று யோசித்தார்.

"வெறும் பாத்திரமா கொடுக்கக் கூடாதுங்க" என்று மறுபடி உள்ளே போனார். பரணிலிருந்து ஒரு பழைய ஜாடியை இறக்கி, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து என் கிண்ணத்தில் விட்டார்.

"இவங்க வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்த நிசப்தங்க. இருபது வருஷத்துது. இனிமே எனக்குத் தேவைப்படாது."

நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். மாலையில் வெந்நீரில் கலந்து மூடி வைத்தேன். மறுநாள் பார்த்தால், கரண்டியைப் போட்டால் அப்படியே நிற்கிற மாதிரி கெட்டியாக உறைந்திருந்தது. இந்தத் தடவை மறக்காமல் உறைக்கு எடுத்து வைத்தேன். பெலிக்ஸிடம் சொல்லி, பலகையில் 'நிசப்தம் கிடைக்கும்' என்று என் வீட்டு எண்ணை எழுதவைத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள்.