மெஷினுக்கு வெள்ளைத் தொப்பி

எங்கள் கம்பெனியில் ஆளைப் பார்க்க வேண்டாம், தொப்பியைப் பார்த்தால் போதும். மஞ்சள் தொப்பி என்றால் டிரெய்னி. வெள்ளைத் தொப்பி என்றால் பர்மனென்ட். ஒரகடத்தில் கார் விளக்கு செய்கிற அந்தக் கம்பெனியில் எனக்கு வெள்ளைத் தொப்பி. கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனிகளுக்காக எங்கள் நிலம் போனபோது அப்பா சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த வேலை.

என் பக்கத்தில் நின்று ஸ்க்ரூ போட்டவள் சந்தனமாரி. சாத்தூர்ப் பக்கத்துப் பெண், மஞ்சள் தொப்பி. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு வாடகை அறையில் நான்கைந்து பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தாள். டிரெய்னிங் முடியப் போகிற நேரம். வெள்ளைத் தொப்பி கிடைத்தால் அவள் இஷ்டம். கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து தாய்மாமன் பெருமாள்சாமியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெருமாள்சாமி மனைவியை இழந்தவர். இவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர்.

அந்த வருஷம், 2012இல், ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் லைனுக்கு ஒரு மெஷின் வந்தது. தானாகவே ஸ்க்ரூ போடும். சோதனைக்குத்தான் வைத்திருக்கிறோம் என்றார்கள். வெள்ளம் வருமுன் அணை போட எங்களுக்கு எங்கே தெரிந்தது? பூஜைக்கு எந்த லைன் அலங்காரம் நன்றாக இருக்கிறதோ அதற்குப் பரிசு என்று அறிவித்ததும் எல்லோரும் கலர் பேப்பரும் பலூனுமாக அலைந்தார்கள். இவள் மட்டும் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து குரோஷா ஊசியால் என்னவோ பின்னிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ணிகினு கீற?"

"தொப்பி அக்கா."

"இத்துனூண்டா? எலிக்கா போடப் போற?"

"மெசினுக்கு. புதுசா வந்துருக்குல்ல, மஞ்சத் தொப்பிதான போடணும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "அது வந்ததே உன் சோத்துல மண்ணு போடத்தாண்டி. அதுக்குத் தொப்பி ஒரு கேடா?"

"அது என்ன செய்யும்க்கா, பாவம். எச்.ஆர். சார் கண்ணுல பட்டா எனக்கும் நல்லதுதான?"

பட்டது. பூஜையன்று குங்குமப் பொட்டும் வாழைக்கன்றுமாக மெஷின் நின்றது. அதன் உச்சியில் முட்டைக்குப் போடுகிற அளவில் ஒரு மஞ்சள் தொப்பி. முன்னால் நீட்டிய விளிம்பு, நெற்றியில் கம்பெனிப் பேர், எல்லாம் நூலாலேயே. எச்.ஆர். இராமச்சந்திரன் குனிந்து பார்த்துச் சிரித்தார். கம்பெனியின் பெரிய துரையே வந்து போட்டோ எடுத்தார். பரிசு எங்கள் லைனுக்கு.

"யார் பண்ணது? நீயாம்மா? டிரெய்னியா? பாக்கலாம், பாக்கலாம்" என்றார் இராமச்சந்திரன்.

அந்தப் 'பாக்கலாம்' ஒன்றை வைத்துக்கொண்டு அவள் எத்தனை கோட்டை கட்டினாள்! வாயைப் பிளந்துகொண்டு நானும்தான் நம்பினேன்.

தீபாவளி கழிந்த வாரம் சூப்பர்வைசர் மணிகண்டபிரபு எங்களிடம் வந்தான். சந்தனமாரியின் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துப் பேசினான்.

"டிரையல் ஓகே ஆயிடுச்சு. மெஷின கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க. அதனால அதுக்கு வெள்ளத் தொப்பி போடணும்னு சார் ஆசைப்படுறாரு. வெள்ளிக்கெழமைக்குள்ள பின்னிக் குடுத்துடு."

"பர்மனென்ட் லிஸ்ட்ல என் பேரு வந்துருக்காண்ணே?"

"அத சார்தான் சொல்லணும். நீ நல்லா பின்னு."

அவன் போனதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "முடியாதுன்னு சொல்லுடி. வுட்டுத் தள்ளு."

"முடியாதுன்னா மட்டும் வேலை குடுத்துருவாங்களாக்கா?"

சாப்பாட்டு நேரத்தில் நேராக இராமச்சந்திரனிடம் போனேன். அவளைவிட வேகமாக ஸ்க்ரூ போட ஆள் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ பர்மனென்ட்தானேம்மா? உனக்கென்ன பிரச்சினை?" என்றார். வாய்ப்பேச்சுக்குப் பேர்போன நான் சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவள் பின்னினாள். வெள்ளை நூலில் கிரீஸ் பட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நடுவில் ஒரு சுருக்கு, அதில் ஆறு கண்ணி, பிறகு சுற்றிச் சுற்றி. விளிம்பு சுருண்டுகொள்கிறது என்று பிரித்துப் பிரித்துப் பின்னினாள். அவள் கையில் இருந்தது நம்பிக்கையா, பயமா, எனக்குத் தெரியவில்லை. நான் நூல் உருண்டையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பழைய தொப்பியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். எல்லோரும் கை தட்டினோம்.

"பிரமாதம்மா" என்றார் இராமச்சந்திரன்.

"சார், என் கன்ஃபர்மேசன்..."

"இனிமே அந்த இடத்துக்கு ஆளே வேணாமேம்மா. அடுத்த பேட்ச் எடுக்கறப்போ கண்டிப்பா கூப்பிடறோம்."

"சரிங்க சார்" என்றாள். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். மெஷின் மேலிருந்த தொப்பி லேசாகச் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, தன் தலையிலிருந்த மஞ்சள் தொப்பியை ஸ்டோரில் ஒப்படைக்கப் போனாள்.

அவளை அழைத்துப்போகப் பெருமாள்சாமியே வந்தார். ஆளைக் கண்டதும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அவரோ நரைத்த தலையைக் குனிந்துகொண்டு அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "சாப்ட்டியாம்மா?" என்று என்னைக் கேட்டார். நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"கல்யாணத்துக்கு வந்துரு அக்கா, மறந்துராத" என்றாள் சந்தனமாரி. பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை கல்யாணம். புடவை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் லீவு கேட்டேன்.

"உன்ன வுட்டா மெஷினுக்கு ஸ்க்ரூ கொட்ட ஆளு இல்ல" என்றான் மணிகண்டபிரபு.

முகூர்த்த நேரத்தில் நான் அதன் வாயில் ஸ்க்ரூ கொட்டிக்கொண்டு நின்றேன்.