மைனஸ் நாலு

பாட்டுக்காரருக்கு எவன் மேலும் நம்பிக்கை கிடையாது. ஹோட்டல்காரன் கொடுக்கிற மைக்கில் பாட மாட்டார். சொந்த மைக்கைத் துண்டில் சுற்றி வீட்டிலிருந்து எடுத்து வருவார். தண்ணீர் பாட்டில் மூடியைத் தன் கையால் திறந்தால்தான் குடிப்பார். முப்பது வருஷமாக அடுத்தவன் பாட்டைப் பாடிப் பிழைக்கிற ஆளுக்கு, தன் இடத்தையும் எவனாவது தூக்கிக்கொண்டு போவான் என்ற பயம் இருக்காதா என்ன.

அந்தப் பயத்தில்தான் கீபோர்டு வாசித்த சோடாபுட்டியைத் துரத்தினார்.

சோடாபுட்டி என்பது கண்ணாடியால் வந்த பெயர். பதினோரு வருஷம் கூட வாசித்தவன். பாட்டுக்காரர் முன்னால் நிற்பார், குழு பின்னால் நிற்கும். முன்னால் நிற்கிறவனுக்கு முதுகில் கண் இல்லை. ஆனால் வாராவாரம் வாசிக்கும் அந்த ஹோட்டலில் சாப்பாட்டுக் கூடத்துத் தூண்களுக்கெல்லாம் கண்ணாடி பதித்தார்கள். அதில் ஒரு நாள் பார்த்துவிட்டார். தான் பாடப் போகும் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சோடாபுட்டி கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்குகிறான். பெண் குரலுக்கு வரும் டீச்சரம்மா பாடும்போது அமுக்குவதில்லை.

"என்னடா அமுக்குறே?"

"ஒண்ணுமில்லண்ணா. கைப் பழக்கம்."

"டீச்சரம்மா பாடுறப்ப மட்டும் கைக்கு அந்தப் பழக்கம் மறந்துபோகுதோ?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பொய் சொல்கிறவன் எதையாவது துடைப்பான் என்பது பாட்டுக்காரர் அனுபவத்தில் கண்டது. தன் குரலை ஏதோ செய்து மங்கவைக்கிறான், பின்னால் எவனையோ கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினார். அடுத்த வாரத்திலிருந்து வராதே என்று சொல்லிவிட்டார். கிடார் வாசிக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, இரண்டு நாள் அவர் பின்னாலேயே அலைந்தான்.

"வேணாம் அத்தான். அவன் போனா நமக்குத்தான் கஷ்டம்."

"என்ன கஷ்டம், அதைச் சொல்லு."

மச்சான் "பழகின கை" என்றான். அதோடு சரி.

புது கீபோர்டுக்காரர் வங்கியில் வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசிப்பவர். சட்டைக்கு இஸ்திரி போட்டது போலவே வாசிப்புக்கும் இஸ்திரி போட்டிருந்தார். பாட்டுகளின் பட்டியலை வாங்கிப்போய், ரெக்கார்டில் எப்படியோ அப்படியே படித்துக்கொண்டு வந்து நின்றார். ஒத்திகை வேண்டாம் என்றார் பாட்டுக்காரர். தெரிந்த பாட்டுக்கு என்ன ஒத்திகை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மேனேஜர் வாசலிலேயே மடக்கினார்.

"முதலாளி குடும்பத்தோட சாப்பிட வர்றார். அடுத்த வருஷத்துக்கு நீங்களா, இல்ல திரையில வரியைக் காட்டி வர்றவங்களையே பாட விடுற மெஷினான்னு இன்னைக்குச் சொல்லிடுவார். பார்த்துப் பாடுங்க."

கல்யாணக் கச்சேரிகள் எப்போதோ கைவிட்டுப் போயின. இந்த ஹோட்டல் ஒன்றுதான் மிச்சம். இதுவும் போனால் குழு இல்லை. குழு இல்லையென்றால் அறுபதை நெருங்கும் வயதில் பாட்டுக்காரர் யார் என்று அவருக்கே தெரியாது.

முதல் பாட்டு. கீபோர்டு ஆரம்பித்ததுமே ஏதோ இடித்தது. குழந்தைக்கு எட்டாத அலமாரியில் மிட்டாயை வைத்த மாதிரி, பாட்டு உயரத்தில் இருந்தது. எக்கிப் பிடித்தார். இரண்டாவது பாட்டில் கழுத்து நரம்பு புடைத்தது. தூண் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். வேறு எவனோ தூக்கில் தொங்குவது போல இருந்தது. மூன்றாவது பாட்டில் உச்சிக்குப் போகிற இடம் வந்தது. போனார். குரல் வரவில்லை. தகரத்தில் ஆணி இழுத்த சத்தம்தான் வந்தது.

முன் மேஜையில் ஒரு குழந்தை சிரித்தது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். முதலாளி சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். டீச்சரம்மா சட்டென்று மைக்கை எடுத்து, "பதினஞ்சு நிமிஷத்துல திரும்ப வர்றோம்" என்று சிரித்தாள்.

சமையலறைக்குப் பின்னால், காய்கறிக் கூடைகள் அடுக்கியிருந்த நடையில், பாட்டுக்காரர் வங்கிக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"யார் சொல்லி சுருதியை ஏத்தி வச்சீங்க? யார் அனுப்பின ஆளு நீங்க?"

"நான் ஏத்தல சார். ரெக்கார்டுல என்ன சுருதியோ அதேதான்." அவர் போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டே காட்டினார். "சந்தேகம்னா உங்க ஆளையே கேளுங்க."

மச்சான் கிடார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். முறுக்க ஒன்றும் இல்லை.

"மச்சான், இவர் சொல்றது நிஜமா?"

"நிஜம்தான் அத்தான்."

"அப்ப நான் இத்தனை நாள் பாடினது?"

"இறக்கினது. சோடாபுட்டி அமுக்கினது அந்தப் பட்டன்தான். மொதல்ல ஒரு படி. அப்புறம் ரெண்டு. ஆறு வருஷமாச்சு. நானும் அதுக்கேத்த மாதிரி கையை மாத்தி வாசிச்சுட்டு வர்றேன்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்."

டீச்சரம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். பாட்டுக்காரர் மச்சான் பக்கத்தில் போய் நின்றார். பிறகு கேட்டார்.

"உங்கக்காவுக்கு?"

மச்சான் தலையைத் தூக்கவில்லை. "அக்காதான் மொதல்ல கண்டுபிடிச்சா. குளிக்கிறப்ப நீங்க பாடுறது வரவர அடங்குதுன்னு. அவளே சோடாபுட்டி வீட்டுக்குப் போய் இறக்கி வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டா."

மைக்கிலிருந்து தண்ணீர் வரை காவல் காத்தவர், வீட்டுக்குள்ளேயே இத்தனை பேர் கூடிப் பேசியதைக் கோட்டைவிட்டிருந்தார். கோபப்படக்கூட நேரம் இல்லை. உள்ளேயிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"அம்மா மழைப் பாட்டு கேக்குறாங்க. முதலாளியோட சம்சாரம். அடுத்து அதுதான்."

பாட்டுக்காரர் போனை எடுத்தார். முதல் மணியிலேயே சோடாபுட்டி எடுத்தான்.

"சொல்லுங்கண்ணா."

"மழைப் பாட்டுக்கு எவ்வளவுடா இறக்குவே?"

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. "மைனஸ் நாலு. பட்டனை நாலு தடவை அமுக்கணும். ஆனா..."

"ஆனா என்ன?"

"அதுக்கு மேல இறங்க இடமில்லண்ணா. போன மாசமே ஆரம்பத்து ரெண்டு வரி தரையில உரசிச்சு. சத்தத்தை ஏத்தி வச்சு ஒப்பேத்தினேன். மைனஸ் மூணு வச்சா மேல உடையும். நாலு வச்சா ஆரம்பம் வெறும் காத்தா வரும். ரெண்டு பக்கமும் சுவரு."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சுருதி சேரலன்னு சொன்ன பழைய டிரம்ஸ்காரரை மறுநாளே அனுப்பினீங்களே. மறந்துட்டீங்களாண்ணா?"

மறக்கவில்லை. பொறாமையில் பேசுகிறான் என்று அப்போது நினைத்தார்.

"இப்ப நான் என்ன பண்றது?"

போனில் பின்னால் எங்கோ ஒரு குக்கர் விசிலடித்தது. "தெரியலண்ணா" என்றான் சோடாபுட்டி. "நிஜமாவே தெரியல."

மேடைக்குத் திரும்பினார்கள். எல்லோர் காதிலும் விழும்படி வங்கிக்காரரிடம், "நாலு இறக்குங்க" என்றார் பாட்டுக்காரர். வங்கிக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தலையாட்டினான். கண்ணாடியில் அந்த விரல் பட்டனை நாலு தடவை அமுக்குவது தெரிந்தது.

கிடார் ஆரம்பித்தது. பாட்டுக்காரர் வாயைத் திறந்தார். சோடாபுட்டி சொன்னது சரி. காற்றுதான் வந்தது. அரை வார்த்தை, அதுவும் ஈரத்துணி போல. முதலாளி மறுபடி தலையைத் தூக்கினார். அவர் சம்சாரம் ஆசையாகக் காத்திருந்தாள்.

முங்குகிறவன் கைக்கு எது கிடைத்தாலும் பிடிப்பான். பாட்டுக்காரர் மேடையிலிருந்து இறங்கி, சிரித்துக்கொண்டே மைக்கை அந்த அம்மாள் முன்னால் நீட்டினார். யாருக்கும் கொடுக்காத மைக். அவள் வெட்கப்பட்டாள், கணவரைப் பார்த்தாள், பாடினாள். தாழ்ந்த குரல், நல்ல குரல். இரண்டாவது வரிக்குப் பக்கத்து மேஜையும் சேர்ந்துகொண்டது. உயரமான இடம் வந்ததும் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இவர் பாடினார். உடையவில்லை. ஆரம்ப வரிகள் திரும்பி வந்தபோது மறுபடி நீட்டினார். இம்முறை கூடமே பாடியது. சிரித்த குழந்தையும் பாடியது. முதலாளி எழுந்து நின்று கை தட்டினார். அந்த நாலு நிமிஷம் பிழைத்துவிட்டோம் என்றே பாட்டுக்காரர் நம்பினார். மச்சானைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு மேனேஜர் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"பிரமாதம் சார். அம்மா இவ்வளவு நல்லாப் பாடுவாங்கன்னு முதலாளிக்கே தெரியாதாம். குடும்பம் குடும்பமா பாடினா எவ்வளவு கலகலப்பா இருக்கு பாருங்க."

"அப்ப அடுத்த வருஷம்?"

"திரையை அந்தத் தூண் பக்கம் மாட்டச் சொல்லிட்டுப் போயிருக்கார். நீங்க இந்த மாசம் முடிச்சுக் குடுத்துடுங்க." போகிற போக்கில் திரும்பினார். "மைக்கை நீட்டினீங்க பாருங்க, அதுலதான் முடிவு பண்ணினார்."

வங்கிக்காரர் கீபோர்டை உறையில் போட்டார். டீச்சரம்மா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, ஆகாமலே, கிளம்பினாள். பாட்டுக்காரர் மேடை விளிம்பில் உட்கார்ந்து மைக்கைத் துண்டில் சுற்றினார். சுற்றிப் பிரித்தார், மறுபடி சுற்றினார். மச்சானின் போன் அடித்தது.

"அக்கா கூப்பிடுறா. எப்படிப் போச்சுன்னு கேப்பா. என்ன சொல்ல?"

"நல்லாப் பாடினேன்னு சொல்லு."

"ஹோட்டலு?"

"நல்லாப் பாடினேன்னு மட்டும் சொல்லு."

மச்சான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஆமாக்கா, அத்தான் நல்லாப் பாடினாரு" என்று சொல்லியபடியே, கிடாரைத் துடைக்க ஆரம்பித்தான்.