சத்திய லைசென்ஸ்

பாமாவை நினைத்தாலே சேஷகிரிக்கு வயிறு எரியும். பொறாமை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டான். நியாயம் வேண்டாமா என்பான். பெங்களூர் ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிகளுக்கும் வைஃபை போட்டுத் தரும் கம்பெனி அது. இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனால் மேலாளர் வெங்கடகிருஷ்ணன் இவன் வேலையை நோண்டி நோண்டிப் பார்ப்பார். பாமா வாயால் சொன்னாலே அவருக்குப் போதும். இப்போது டீம் லீட் பதவி வேறு காலி. அது பாமாவுக்குத்தான் என்று கேன்டீனில் பேச்சு. சேஷகிரிக்கு இட்லி தொண்டையில் இறங்கவில்லை.

அவர்கள் மாட்டும் வைஃபை பெட்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. கூரையில் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆனால் வாங்கினாயா என்று மெஷின் சோதிக்காது. எத்தனை லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்கும். ஓர் எண்ணைத் தட்டி, உண்மைதான் என்று டிக் போட்டால் நம்பிவிடும். ஆபீசில் இதற்குச் சத்திய லைசென்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தச் சத்தியம் எவ்வளவு சுலபம் என்று சேஷகிரிக்கு நன்றாகவே தெரியும். ரிச்சர்ட்ஸ் டவுன் பள்ளி ஒன்றுக்கு அறுபது லைசென்ஸ் வாங்கிவிட்டு எண்பது பெட்டி மாட்டியவன் அவன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதனால்தான் பாமா முடித்த சிவாஜிநகர் ஆஸ்பத்திரியில் எங்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. அங்கே வாங்கியது நூறு, ஓடுவது நூற்றிருபது. பார்த்ததும் அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நேராக மேலாளர் அறைக்குப் போனான்.

"சொல்லக் கூடாதுன்னுதான் சார் இருந்தேன். பாமா சைட்ல இருபது எக்ஸ்ட்ரா ஓடுது."

வெங்கடகிருஷ்ணன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும். மாட்டின அன்னைக்கே வந்து சொல்லிட்டா. ஐசியூல சிக்னல் இல்ல, வெயிட் பண்ண முடியாதுன்னா. லைசென்ஸுக்கு ஆர்டர் போட்டாச்சு."

சேஷகிரியின் முகம் தொங்கிப்போனது. அவன் செய்ததையேதான் அவளும் செய்திருக்கிறாள். அதிலும் அவளுக்கு நல்ல பெயர். அந்த நிமிடம் அவளை அடியோடு வெறுத்தான்.

"நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு," என்றார் அவர். "பெட்டி சப்ளை பண்றவங்க எல்லா சைட்டுக்கும் உறுதிமொழி கேக்கறாங்க. உங்க ஸ்கூலுக்கு ஆள் அனுப்பி எண்ணலாம்னு இருந்தேன். இவ்வளவு அக்கறையா வந்து சொல்றீங்க, உங்களைப் போய் செக் பண்ணுவாங்களா? அங்க எத்தனை ஓடுதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

இத்தனை வருஷம் அவன் ஏங்கியது இந்த வார்த்தைக்குத்தான். எண்பது என்று சொன்னால் அந்த நம்பிக்கை இதோடு போய்விடும்.

"அறுபது சார்," என்றான்.

அவர் அதை லேப்டாப்பில் தட்டிவிட்டு, கதவு வழியாகப் பாமாவைக் கூப்பிட்டார். டீம் லீடாக அவள் போடும் முதல் டிக் இதுவாக இருக்கட்டும் என்று சிரித்தார். எல்லா சைட்டுக்கும் இனி அவள்தான் பொறுப்பு.

பாமா சாப்பாட்டு டப்பாவோடு வந்து திரையைக் குனிந்து பார்த்தாள். "ஸ்கூல்ல அறுபதா? யார் எண்ணினது?"

"சேஷகிரியே சொன்னார்."

"அப்ப பார்க்க வேணாம்," என்று அவள் டிக் போட்டாள். "சாப்பிட வர்றீங்களா, சேஷகிரி?"

அவன் தலையாட்டி மறுத்தான். அவள் டப்பாவைத் திறந்துகொண்டே கேன்டீன் பக்கம் நடந்தாள். அப்போதும் அவனுக்குப் பொறாமைதான் வந்தது. ஒருத்தன் வாய்ச்சொல்லை நம்பித் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, அடுத்த நிமிடமே அவளால் பசியோடு சாப்பிடப் போக முடிகிறதே.