குசேராவின் பாதி வேலி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. தீவனக் கடையில் காப்பி குடிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மாதிரி சொன்னதைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். எல்லாரும் நேரில் பார்த்த மாதிரியே சொன்னதால் எவனும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். நம்புவது உங்கள் பாடு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நெப்ராஸ்காச் சமவெளியின் மேல் நவம்பர் வானம் ஈயத்தகடு போல..."

[அடித்துவிட்டேன். வானம் வானம் மாதிரிதான் இருந்தது.]

2

வெர்லின் கிழவருக்கு அறுபது மாடுகள். அன்று காலை வானொலிக்காரன் தெற்கே புல் தீ, நடுவில் உறைமழை, வடக்கே பனிப்புயல் என்று சமவெளி முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்தான். இருட்டுவதற்குள் புயல் இங்கேயும் வரும் என்றான். போன வாரமும் அப்படித்தான் சொன்னான், வெயிலடித்தது. ஆகவே வெர்லின் மாடுகளை வீட்டுப் பக்கம் ஓட்டி வரவில்லை.

[அவரை முட்டாள் என்று நினைக்காதீர்கள். நானும் நம்பியிருக்க மாட்டேன்.]

மதியம், மழை வேலிக் கம்பியில் உறையத் தொடங்கியதும் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நனைந்த மாடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும். நடந்துகொண்டே இருக்கும். தென்கிழக்கு மூலையில் வேலி தடுக்கும். பின்னால் வருவது முன்னால் நிற்பதன் மேல் ஏறும்; விடிவதற்குள் பனி எல்லாவற்றையும் மூடிவிடும். வேலிக்கு அப்பால் பக்கத்து நிலத்துக்காரர் குசேரா காற்றுக்குத் தடுப்பாக வைத்த மரவரிசை. அங்கே ஒதுங்கினால் பிழைக்கும். கம்பியை வெட்டினால் போதும்.

வெட்டக் கூடாது. பொது வேலியின் நடுவில் இரண்டு சொந்தக்காரர்களும் எதிரெதிரே நின்றால், அவரவர் வலக்கைப் பக்கம் அவரவர் பொறுப்பு. அந்த மூலை குசேராவின் வலக்கைப் பக்கம்; கம்பி அவருடையது.*

* இருவருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. குசேராவின் காளை வேலி தாண்டி வெர்லினின் கிடேரிகளிடம் போய்விட்டது. யாருடைய பாதியில் தாண்டியது என்பதுதான் வழக்கு. காளை வாக்குமூலம் தரவில்லை.

3

வெர்லின் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தவள் குசேராவின் மனைவி லவோன். "வெர்லினா? உசுரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கணவரிடம் கொடுத்தாள்.

வெர்லின் கெஞ்சவில்லை. மாடு மூலைக்கு வரும், கம்பியை வெட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"மாடு உன்னோடது. கம்பி என்னோடது," என்றார் குசேரா. "வெட்றதா இருந்தா..."

லைன் செத்தது. பனிக்கட்டியின் பாரத்தில் எங்கோ தொலைபேசிக் கம்பி அறுந்திருக்கிறது.

[அந்த வாக்கியத்தை நானே முடித்துப் பார்த்தேன். "வெட்றதா இருந்தா கோர்ட்ல பாத்துக்கலாம்." இது அச்சு அசல் குசேரா. "வெட்றதா இருந்தா நானே வெட்டுறேன்." இது அவர் பேச்சே இல்லை, இருந்தாலும் அடிக்க மனம் வரவில்லை.]

4

மூலைக்குக் கிளம்பிய வெர்லினின் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. கம்பி வெட்டும் இடுக்கியைப் பையில் போட்டுக்கொண்டு, கையுறைக் கையால் வேலியைத் தடவியபடி நடந்தார். புயல் வந்துவிட்டது; கம்பியை விட்டால் தன் கையே தெரியாத வெள்ளை. அப்போது அவர் மனதில் என்ன ஓடியது என்று படித்தவர்கள் ஒரு பக்கம் எழுதுவார்கள். எனக்குத் தெரியாது. மூக்கு ஒழுகியிருக்கும்.

மூலைக்கு வந்ததும் அவர்...

மாடுகள் பிழைத்தன. அதை ஒளிக்க மாட்டேன். மறுநாள் காலை முதுகில் பனிக்கட்டியோடு குசேராவின் மரங்களுக்கிடையே அசைபோட்டுக்கொண்டு நின்றன. கம்பிகள் வெட்டிக் கிடந்தன.

"நான் போனப்பவே வெட்டித்தான் கெடந்துச்சு," என்கிறார் வெர்லின். அன்று வாசற்படியே தாண்டவில்லை என்கிறார் குசேரா. லவோன் தூங்கிவிட்டாளாம். சாயங்காலத்தில்.

நான் மூன்று பேரையும் நம்பவில்லை. அடுத்தவன் கம்பியை வெட்டியதாக ஒருவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பகையாளி மாட்டுக்காகத் தன் கம்பியை வெட்டியதாக இன்னொருவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

5

பனி உருகியதும் இருவரும் வேலி பார்க்கப் போனார்கள். குசேரா கம்பியை ஒட்டுப் போடவில்லை. வெட்டிய இடத்தில் ஓர் இரும்புக் கதவை மாட்டினார். வெர்லின் கதவுத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குப் போன்ல என்ன சொல்ல வந்தே?"

"என்னிக்கு?"

"வெட்றதா இருந்தா...ன்னு."

"தூணை நேராப் பிடிய்யா."

முடிவு கேட்பீர்கள். எங்கள் பக்கம் அடுத்தவன் நிலத்தில் நடக்கிறவனுக்கு ஒரே விதி: சாத்தியிருந்த கதவைச் சாத்திவிட்டுப் போ, திறந்திருந்ததைத் திறந்தே விடு. நான் போனபோது அந்த வேலிக் கதவு திறந்திருந்தது. நீங்களும் கை வைக்காமல் போங்கள்.